பதினோரு நட்சத்திரங்களின் இரும்பு

அன்று காலை எங்கள் வீட்டில் இட்லியா ஆப்பமா என்பது எனக்கு இப்போது உறுதியாக ஞாபகமில்லை. இட்லி என்றுதான் நினைக்கிறேன். ஆனால் தேங்காய்ப்பால் கிண்ணம் ஒன்றும் கண்முன் வருகிறது, அது இட்லியோடு சேராது. இவ்வளவு சின்ன விஷயத்தில் தடுமாறுகிறவன் மற்றதை ஒழுங்காகச் சொல்வானா என்று விசாரணைக் குழுவினர் நினைக்கலாம். நியாயம்தான், எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. எண்கள் மட்டும் எனக்கு மறப்பதில்லை. எண்கள் வரும் இடங்களில் என்னை நம்பலாம்.

என் பெயர் சபரிநாதன். வயது நாற்பத்தொன்று. சிவகாசியில் என் அப்பா அய்யாதுரை நடத்தும் அச்சகத்தில் தினசரி காலண்டருக்கு புரூஃப் பார்க்கிறேன். தாளின் அடியில் பொடி எழுத்தில் திதி, நட்சத்திரம், ராகு காலம், சூலம் எல்லாம் இருக்கும். அவை சரியா என்று பார்ப்பது என் வேலை. அமாவாசை ஒரு நாள் தள்ளிப்போனால் ஓர் ஊரே தப்பான நாளில் தர்ப்பணம் கொடுத்துவிடும். பதினேழு வருஷத்தில் அப்படி ஒன்றும் நடக்கவில்லை. மிச்ச நேரத்தில் புத்தகம் படிப்பேன். பேச்சு எனக்குக் குறைவு.

கீர்த்திகா என் மனைவி. அச்சங்குளத்தில் அவள் அப்பாவுக்குக் கம்பி மத்தாப்புத் தொழிற்சாலை இருந்தது. பெண் பார்க்கப் போன அன்று, தனியாகப் பேசிக்கொள்ளட்டும் என்று எங்கள் இருவரையும் மாடிக்கு அனுப்பினார்கள். இருபது நிமிஷம் இருந்தோம். ஒரு வார்த்தையும் பேசவில்லை. கீழே இறங்கி வந்ததும் இருவரும் சம்மதம் என்றோம். அதற்குப் பிறகு எங்களுக்குள் ஒரு நாளைக்கு முப்பது சொற்கள் போதுமானதாக இருந்தது. அவள் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள், நான் பக்கத்து நாற்காலியில் படித்துக்கொண்டிருப்பேன். எங்கள் தெருவிலேயே சந்தோஷமான தம்பதி நாங்கள்தான் என்று நான் கருதி வந்தேன். அவளுடைய கருத்தைக் கேட்டதில்லை.

அவள் மதுரையில் பேராசிரியர் முத்துராமலிங்கத்திடம் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்தாள். அவளுடைய ஆராய்ச்சி என்ன என்பது விசாரணைக் குழுவினருக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் நான் புரிந்துகொண்ட அளவில் இங்கே எழுதுகிறேன். தெரியாமல் செய்துவிட்டான் என்று யாரும் எனக்குச் சலுகை காட்ட வேண்டாம்.

வானத்தில் சில சின்னச் சிவப்பு நட்சத்திரங்கள் உண்டு. வேகமாகச் சுற்றும், அடிக்கடி குமுறி வெடிக்கும். அவற்றின் மேற்பரப்பு மூவாயிரம் டிகிரிதான், நட்சத்திரக் கணக்கில் அது ஆறிப்போன சோறு. ஆனால் அதைச் சுற்றி இருக்கிற மெல்லிய வாயு மண்டலம் ஒரு கோடி டிகிரி. அதற்குப் பெயர் கொரோனா. கண்ணுக்குத் தெரியாது. அங்கே இருக்கும் இரும்பு அணு, தன் இருபத்தாறு எலக்ட்ரான்களில் இருபதை இழந்துவிட்டுப் புற ஊதாவில் ஓர் ஒளியை விடும். அலைநீளம் ஆயிரத்து முந்நூற்று ஐம்பத்து நான்கு ஆங்ஸ்ட்ராம். நம் காற்று அந்த ஒளியை உள்ளே விடாது, விண்வெளியில் மிதக்கும் தொலைநோக்கிதான் பார்க்க முடியும். அப்படிப் பார்த்து வைத்த பதிவுகளை இணையத்தில் இருந்து இறக்கி, பதினோரு நட்சத்திரங்களில் அந்த இரும்பு இருக்கிறதா என்று தேடுவது கீர்த்திகாவின் வேலை.

இதை அவள் ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் என் அம்மா பாலம்மாளுக்கு விளக்கினாள்.

"கொரோனாவா? நட்சத்திரத்துக்கெல்லாம் ஊசி போட்டாச்சா தாயி?" என்றாள் அம்மா.

"அது வேற அத்தை. இது நட்சத்திரத்தைச் சுத்தி இருக்கிற சூடு. அடுப்பை விட அடுப்படி சூடா இருக்கிற மாதிரி."

"அதுக்கு எதுக்கு ஆகாசத்துல தேடணும்? நம்ம வீட்டு அடுப்படிக்கு வந்து பாக்கச் சொல்லு உங்க வாத்தியாரை."

"எங்க அப்பா கம்பெனியில கம்பி மத்தாப்புல பொறி பறக்குதே, அதுவும் இரும்புதான் அத்தை. அது ஆயிரம் டிகிரி சொச்சம். இது ஒரு கோடி."

"அப்ப அதைத் தொட்டுத் தொலைச்சிராதே," என்று சொல்லிவிட்டு அம்மா ரசம் ஊற்றினாள்.

மேலே ஆறிப்போய் இருந்துகொண்டு சுற்றிலும் கொதிப்பது என்பதை நான் நெடுநேரம் யோசித்துப் பார்த்தேன். அப்படிப்பட்ட மனிதர்களும் உண்டு என்று புத்தகங்களில் படித்திருக்கிறேன். நேரில் பார்த்ததில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஜெர்மனியில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் இரண்டு வருஷ வேலைக்கு அவள் விண்ணப்பித்திருந்தாள். பெங்களூரில் ஒரு கருத்தரங்கு நடக்க இருந்தது. அங்கே அவள் தன் முடிவுகளைச் சொல்ல வேண்டும், அந்த நிலையத்துக்காரர்கள் கேட்பார்கள், பிடித்தால் எடுத்துக்கொள்வார்கள். துணி மடித்துக்கொண்டே என்னிடம், "கிடைச்சா போகட்டுமா?" என்று கேட்டாள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். ஒன்பது நாள் யோசித்தேன். அந்த ஒன்பது நாளும் நான் வாய் திறக்கவில்லை. பத்தாம் நாள் அவள் பெரிய பெட்டி ஒன்று வாங்கி வந்தாள். என் மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொண்டாள். அது எனக்கு இழைக்கப்பட்ட அநியாயம் என்றே இன்றும் நினைக்கிறேன்.

அவள் நன்மையை மட்டும் கருதினேன். அந்த ஊரில் ஆறு மாதம் வெயில் கிடையாது. அவளுக்குப் பாஷை தெரியாது. யாரும் பேசாத வீட்டில் அவள் எப்படி இருப்பாள்.

அவள் தகுதிச் சான்று ஒன்றுக்காகச் சூலக்கரையில் கலெக்டர் அலுவலகம் போக வேண்டியிருந்தது. அன்று காலை இட்லியோ ஆப்பமோ சாப்பிட்டதும் நான்தான் பஸ் ஏற்றிவிட்டேன். ஜன்னலோர இடம் பிடித்துக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து அவள் கணினியைத் திறந்தேன். அதற்கு முந்தைய நாள்தான் பதினோரு நட்சத்திரங்களின் பதிவுகளையும் பதினோரு பட்டியல்களாக எடுத்து முடித்திருந்தாள். வரைந்து பார்க்கும் வேலை மறுநாள் தொடங்க இருந்தது. இடது பக்கம் அலைநீளம், வலது பக்கம் வெளிச்சத்தின் அளவு, இரண்டே பத்தி. பார்த்ததும் எனக்குப் பஞ்சாங்கம் போலவே இருந்தது. மனசுக்கு இதமாக இருந்தது என்றுகூடச் சொல்லலாம்.

ஆயிரத்து முந்நூற்று ஐம்பத்து நான்குக்குப் போனேன். எண்கள் மெல்ல ஏறி, நின்று, இறங்கின. அடுத்த பட்டியலிலும் அப்படியே. பதினொன்றிலும் இரும்பு இருந்தது. நன்றாகவே இருந்தது. அந்தப் பதினொன்றையும் ஒருசேர முதலில் பார்த்தவன் நான்தான். அழகாகத்தான் இருந்தது என்பதை மறுக்க மாட்டேன்.

பிறகு வெட்டினேன்.

வெட்டிய இடத்தைச் சும்மா விட முடியாது, தெரிந்துவிடும். எங்கள் அச்சகத்தில் ஒரு விதி உண்டு. ஒரு கட்டத்தில் எண்கள் கெட்டுப்போனால் அவற்றைப் புதிதாக அடிக்கக் கூடாது. புதிதாக அடித்தால் புதிதாகப் பிழை வரும். ஏற்கெனவே சரிபார்த்து முடித்த ஒரு நல்ல கட்டத்தை எடுத்து ஒட்ட வேண்டும். சின்ன காலண்டரோ பெரிய காலண்டரோ, கட்டம் ஒன்றுதான், அளவை மட்டும் கூட்டிக் குறைப்போம். நான் நான்காவது நட்சத்திரத்தில் ஒன்றும் நடக்காத ஓர் அமைதியான பகுதியைத் தேர்ந்தெடுத்தேன். நாற்பத்திரண்டு வரிகள். அதை ஒவ்வொரு நட்சத்திரத்தின் பிரகாசத்துக்கும் தக்கபடி பெருக்கிப் பதினோரு இடத்திலும் ஒட்டினேன். அவள் பென்டிரைவிலும் அதையே ஏற்றினேன். இரண்டு மணி நேரமும் பத்து நிமிஷமும் ஆயிற்று. நடுவில் அம்மா காப்பி கொண்டுவந்து வைத்து, "எந்த மாசம் ஓடுது?" என்று கேட்டாள். மார்கழி என்றேன். முடிந்ததும் வழக்கம்போல இருமுறை சரிபார்த்தேன். வேலை சுத்தமாக இருந்தது.

மறுநாள் கீர்த்திகா பார்த்தாள். இரும்பு இல்லை. மூன்று நாள் அவள் யாரிடமும் பேசவில்லை. நான் சாத்தூரில் இருந்து காராச்சேவு வாங்கி வந்தேன். நெற்றிக்குத் தைலம் தேய்த்துவிட்டேன். "எல்லா நட்சத்திரத்துலயும் இருந்தே ஆகணும்னு சட்டமா என்ன," என்றேன். அவள் என் தோளில் சாய்ந்துகொண்டாள். எங்கள் கல்யாண வாழ்க்கையில் மிக நெருக்கமாக இருந்த மூன்று நாட்கள் அவை.

நான்காம் நாள் பேராசிரியருக்கு அந்த வரைபடங்களை அனுப்பினாள். அவர் உடனே போன் செய்தார். சத்தமாகப் பேசுகிறவர், அடுத்த அறையில் எனக்கு முழுக்கக் கேட்டது.

"ஏம்மா, இரும்பு இல்லைங்கிறதுக்கா அழுகிறே? அதுதாம்மா விஷயமே. இருக்க வேண்டிய இடத்துல பதினொண்ணுலயும் இல்லைன்னா என்ன அர்த்தம்? இன்னொண்ணு பாத்தியா? அந்த இடத்துல மூணு பல்லு மாதிரி குட்டியா ஒரு மேடு இருக்கு. பதினொண்ணுலயும் அதே இடம், அதே மூணு பல்லு. உலகத்துல எவனும் இதைப் பாத்ததில்லைம்மா."

எவனும் பார்த்ததில்லை என்பது சரிதான். நான் ஒட்டிய நாற்பத்திரண்டு வரிகளில் தற்செயலாக மூன்று இடத்தில் எண்கள் சற்றே தூக்கி இருந்தன. வெறும் இரைச்சல். வெவ்வேறு நட்சத்திரங்களில் இரைச்சல் வெவ்வேறாகத்தான் இருக்கும். ஒரே கட்டத்தை ஒட்டியதால் அது எல்லாவற்றிலும் ஒன்றாகிவிட்டது. பேராசிரியர் அதற்கு முப்பல் என்று பெயர் வைத்து, பெங்களூர்க் கருத்தரங்குக்கு ஆய்வுச் சுருக்கமும் அனுப்பிவிட்டார். பதினேழு வருஷத்தில் என் வேலையை யாரும் அந்த அளவுக்குப் பாராட்டியதில்லை. அதை வெளியே சொல்லிக்கொள்ள முடியாமல் போனது.

கீர்த்திகாவுக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. "ஒரே மாதிரி இருக்கிறது எனக்குச் சரியாப் படலை. மூலப் பதிவை மறுபடி இறக்கிப் பாத்துருதேன்," என்றாள். அன்று மாலையே எங்கள் வீட்டு இணையக் கேபிள் அறுந்துபோனது.

செல்போனில் இறக்கலாமே என்று கேட்பீர்கள். எங்கள் தெருவில் பேசுகிற அளவுக்குத்தான் டவர் எடுக்கும், இணையம் இழுக்காது. இதை நான் முன்பே யோசித்திருந்தேன்.

கேபிள்காரர் காளிராஜ் வந்து ஒட்டிக் கொடுத்தார். இரண்டு நாளில் மறுபடி அறுந்தது. இந்த முறை அவர் முனையைக் கையில் வைத்துக்கொண்டு என்னை வெகுநேரம் பார்த்தார்.

"அண்ணாச்சி, இது எலி கடிச்சது இல்லை."

"அணிலா இருக்கும்," என்றேன்.

"அணிலு இம்புட்டு நேரா கடிக்குமா? ஸ்கேல் வச்சுக் கடிச்ச மாதிரில்ல இருக்கு. உங்க பிரஸ்ல பேப்பர் வெட்டுற மிஷின்ல இருந்து இறங்கி வந்த அணிலா?"

நான் பதில் சொல்லவில்லை. நான் பேசாமல் இருந்தால் எதிரில் இருப்பவர்கள் தாங்களே ஒரு பதிலைச் செய்துகொள்வார்கள் என்பது என் அனுபவம். காளிராஜ் கேபிளை இரும்புக் குழாய்க்குள் விட்டுக் கட்டினார். "இனி அந்த அணிலு ஆக்சா பிளேடு வாங்கிட்டு வந்தாத்தான் முடியும் அண்ணாச்சி," என்று சொல்லிவிட்டுப் போனார்.

வாங்கினேன்.

அப்படியே கருத்தரங்கு நாள் வந்தது. விருதுநகர் ரயில் நிலையத்தில் நான்தான் அவளை ஏற்றிவிட்டேன். என் கணக்கு எளிமையானது. அவள் மேடையில் முப்பல்லைப் பற்றிப் பேசுவாள். விஷயம் தெரிந்த யாராவது எழுந்து, இது ஒட்டு வேலை என்று சொல்வார். அவள் தலைகுனிந்து வீடு திரும்புவாள். நான் தைலத்தோடு இருப்பேன்.

ஆனால் அவள் தங்கிய விடுதியில் இணையம் இருந்தது. அறைக்குப் போனதும் முதல் வேலையாகப் பதினொன்றையும் இறக்கினாள். மறுநாள் மேடை ஏறி, நாங்கள் அனுப்பிய சுருக்கம் தவறு, என்னிடம் இருந்த பட்டியல்கள் கெட்டுப்போயிருந்தன, உண்மையான பதிவு இதோ என்று இரும்பைக் காட்டினாள். பேராசிரியரிடம் பத்து நிமிஷம் முன்னால்தான் சொன்னாளாம். அவர் ஒரு பாட்டில் தண்ணீரை நின்றபடியே குடித்து முடித்து, "போய்ப் பேசும்மா," என்றாராம். தன் தவறைத் தானே எழுந்து சொன்ன பெண் என்று அந்த நிலையத்துக்காரர்கள் மூன்று தடவை கை குலுக்கியிருக்கிறார்கள். வேலை அங்கேயே உறுதியாகிவிட்டது.

திரும்பி வந்தவள் என் எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். நான் படித்துக்கொண்டிருந்தேன். நாற்பது நிமிஷம் ஒன்றும் பேசவில்லை. மௌனம் எனக்குப் பழக்கம்தான், ஆனால் அன்று நான் ஒரே பக்கத்தை ஒன்பது முறை படித்தேன்.

"நாலாவது நட்சத்திரத்துல இருந்து எடுத்திருக்கீக," என்றாள் கடைசியில். "நாப்பத்திரண்டு வரி. கட்டத்தை எடுத்து இப்படி ஒட்டுறது நம்ம பிரஸ்ல மட்டும்தான். ஒரு நட்சத்திரத்துக்காவது புதுசா நாலு நம்பர் அடிச்சிருக்கலாம்ல?"

"புதுசா அடிச்சா பிழை வரும்," என்றேன்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது என்று நினைக்கிறேன். என் ஞாபகம் இந்த இடத்தில் சரியா என்று தெரியவில்லை, அது அழுகையாகவும் இருக்கலாம்.

"புனேக்கும் நீங்கதானே எழுதுனீக?"

இதை முன்பே சொல்லியிருக்க வேண்டும். அதற்கு இரண்டு வருஷம் முந்தி புனேயில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்து அவளை வேலைக்கு அழைத்து மின்னஞ்சல் வந்திருந்தது. அவள் பார்ப்பதற்கு முன்பே அவள் பெயரில் நானே பதில் எழுதினேன். குடும்பச் சூழ்நிலை காரணமாக வர இயலவில்லை, நன்றி என்று மிக மரியாதையாக எழுதியிருந்தேன்.

"எப்படித் தெரியும்?" என்றேன்.

"பெங்களூர்ல அவுகளும் வந்திருந்தாக. ஏம்மா வர மாட்டேன்னுட்டேன்னு கேட்டு, லெட்டரைப் போன்ல காட்டுனாக. ஒரு பிழை இல்லை. நான் எழுதுனா ரெண்டு பிழையாவது இருக்கும்."

நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தவள், "ஒரு தடவை வாயைத் திறந்து போகாதேன்னு சொல்லியிருக்கலாமே," என்றாள்.

"சொல்லியிருந்தா இருந்திருப்பியா?"

"இருந்திருக்க மாட்டேன். சண்டை போட்டிருப்பேன். சண்டை போட்டுட்டுப் போயிருப்பேன்." பெட்டியை இழுத்து அதன் பூட்டைச் சரிபார்த்தாள். "ஆனா திரும்பி வந்திருப்பேன்."

பல்கலைக்கழகத்துக்கு அவள் கொடுத்த அறிக்கையில், வீட்டுக் கணினியில் பட்டியல்கள் மாற்றப்பட்டன என்று மட்டும் இருந்தது. யார் என்று எழுதவில்லை. குழு அமைக்கப்பட்டு விளக்கம் கேட்டபோது, அவள் மேல் பழி விழக் கூடாதே என்று நானே முன்வந்து எழுதினேன். பதினோரு நட்சத்திரங்களின் இரும்பை அழித்தவன் நான். கேபிளை மூன்று முறை அறுத்தவன் நான். புனேக் கடிதம் என்னுடையது. யாருடைய தூண்டுதலும் இல்லை. என் மனநிலை அன்றும் இன்றும் சீராக இருக்கிறது.

மற்றவர்கள் இப்போது எப்படி இருக்கிறார்கள் என்பதையும் பதிவு செய்துவிடுகிறேன். கீர்த்திகா முனைவர் பட்டம் வாங்கிவிட்டாள். ஜெர்மனியில் இரண்டு வருஷம் முடிந்து, மேலும் மூன்று வருஷம் நீட்டித்திருக்கிறார்கள். வெயிலைப் பற்றிக் குறை ஒன்றும் சொல்வதில்லை, பாஷையும் பேசுகிறாளாம். பேராசிரியர் முத்துராமலிங்கம் ஓய்வு பெற்றுவிட்டார். முப்பல்லைத் தான் முதலிலிருந்தே சந்தேகித்ததாகச் சொல்லி வருகிறார். காளிராஜ் சூப்பர்வைசர் ஆகிவிட்டார். எங்கள் தெருவில் வண்டியை மெதுவாக ஓட்டிப் போகிறார். அப்பா காலண்டர் எண்களைச் சரிபார்க்க ஒரு மென்பொருள் வாங்கிவிட்டார், நான் அது சரியாகப் பார்க்கிறதா என்று பார்க்கிறேன். அம்மா ஞாயிறுதோறும் கீர்த்திகாவோடு வீடியோவில் பேசுகிறாள். கடைசியில் போனை என் பக்கம் திருப்புவாள். அந்த நேரத்தில் அங்கே எப்போதும் சிக்னல் போய்விடுகிறது. சென்ற ஆண்டு ஒரு வக்கீல் மூலம் விவாகரத்துப் பத்திரம் வந்தது. மூன்று எழுத்துப்பிழைகள் இருந்தன. திருத்தித் திருப்பி அனுப்பினேன். கையெழுத்துப் போடவில்லை, திருத்திய பிரதி இன்னும் வரவில்லை.

என் முதல் வாக்குமூலத்தை ஏற்று, கீர்த்திகா மீது குற்றமில்லை என்று தீர்மானித்து, குழு கலைக்கப்பட்டு இரண்டு வருஷம் ஆகிறது என்று பதிவாளர் அலுவலகத்தில் இருந்து இதுவரை நான்கு முறை எழுதியிருக்கிறார்கள். படித்தேன். இது என்னுடைய ஏழாவது வாக்குமூலம். உண்மை முழுமையாக வெளிவர வேண்டும் என்பது தவிர இதில் எனக்கு வேறு நோக்கம் இல்லை. ஆகவே குழுவினர் மறுபடி கூடி, சம்பந்தப்பட்ட என் மனைவியை நேரில் வரவழைத்து, வீடியோவில் அல்லாமல், முடிந்தால் சிவகாசியிலேயே, என் முன்னிலையில், எத்தனை நாள் ஆனாலும் நிதானமாக விசாரிக்கும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.